பில்லுல இருக்கிற ஆறாவது எழுத்து: தொழில்ல கடன் வந்தா யாரு கட்டணும்?

போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணா, வேலைய விட்டுட்டு சொந்தமா ஒரு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர்ல ஓடுற கடைசல் மெஷின்) போடலாம்னு இருக்கேன், ப்ரைவேட் லிமிடெட்டா ரிஜிஸ்டர் பண்ணிரலாமா, இல்ல சும்மா ஜிஎஸ்டி மட்டும் வாங்கிட்டு ஆரம்பிச்சிரட்டுமா?" அவன் கேட்டு முடிக்க அரை நிமிஷம்கூட ஆகல, நான் பதில் சொல்லி முடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, அப்பவும் பாதிதான் சொல்லியிருப்பேன். கோயம்புத்தூர்ல சின்னச் சின்ன பட்டறைகளுக்குக் கணக்கு எழுதறதுதான் என் பொழப்பு, இந்தக் கேள்விய வாரத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க. அதனால மீதியையும் சேர்த்து இங்கயே எழுதிடறேன், யாருக்காவது உதவட்டும்.

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல ஏதாவது கடை பில் இருந்தா எடுத்துப் பாருங்க, ஜிஎஸ்டி நம்பர்னு 15 எழுத்து இருக்கும். முதல் ரெண்டு நம்பர் மாநிலம், தமிழ்நாடுன்னா 33. அதுக்கு அடுத்த பத்து எழுத்தும் அந்தத் தொழிலோட பான் நம்பர். அந்த பான்ல நாலாவது எழுத்து என்னன்னு பாருங்க, அதாவது மொத்தத்துல ஆறாவது எழுத்து. அது 'பி'ன்னா அந்தத் தொழில் ஒரு தனி மனுஷனோடது. 'எஃப்'னா பார்ட்னர்ஷிப். 'சி'ன்னா கம்பெனி. போர்டுல எவ்வளவு பெரிய பேர் வேணா போட்டிருக்கலாம், இண்டஸ்ட்ரீஸ், என்டர்பிரைசஸ், குரூப்னு என்ன வேணா இருக்கலாம், அந்த ஒரு எழுத்துதான் கடைசில பேசும், ஏன்னா தொழில் கவுந்தா கடன்காரன் யாரு வீட்டு வாசல்ல வந்து நிப்பான்ங்கறதுக்கு பாதிப் பதில் அதுலயே இருக்கு.

நான் தம்பிகிட்ட சொன்னதும் இதுதான். ஓனர்னு சொன்னா எல்லாரும் லாபம் யாருக்குன்னுதான் நினைக்கறோம். நஷ்டம் யாருக்குன்னு யோசிச்சுப் பாத்தாதான் நாம எந்த மாதிரி ஓனர்னு தெரியும்.

'பி'லருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா நம்ம ஊர்ல தொழில் பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க இதுலதான் இருக்காங்க. ப்ரொப்ரைட்டர்ஷிப். இதுக்குன்னு தனியா ஒரு சட்டமே கிடையாது. உங்க பான் கார்டுலயே ஜிஎஸ்டி வாங்கறீங்க, உத்யம்ங்கற சிறுதொழில் பதிவுல பதியறீங்க, பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட் ஓப்பன் பண்றீங்க, தொழில் ஆரம்பிச்சாச்சு. சட்டத்தோட கண்ணுல நீங்களும் உங்க பட்டறையும் ஒரே ஆள்தான், நடுவுல கோடே இல்ல. பட்டறை வாங்கின கடன் நீங்க வாங்கின கடன். இரும்புக் கடைக்கு பாக்கின்னா அவங்க உங்க மெஷின் மேலயும் போகலாம், உங்க பேர்ல இருக்கிற வீட்டு மேலயும் போகலாம். செலவு கம்மி, தலைவலி கம்மி, மூடணும்னு நினைச்சா சுலபமா மூடிரலாம், அதெல்லாம் உண்மைதான். ஆனா ஓனர் திடீர்னு இறந்துட்டா ஜிஎஸ்டி நம்பர்லருந்து பேங்க் அக்கவுண்ட் வரைக்கும் எல்லாமே அவர் பான்லயே நின்னுரும், குடும்பத்துல ஒருத்தர் புதுசா ரிஜிஸ்டர் பண்ணித்தான் தொடரணும். துக்கத்துல இருக்கிற வீட்டுல இதுக்காகப் பேப்பர் தேடி அலையறத நான் பாத்திருக்கேன், ரொம்பக் கொடுமையா இருக்கும்.

அடுத்து 'எஃப்'. இதப் பத்தி கொஞ்சம் நிறையவே எழுதப் போறேன், ஏன்னா இது எங்க வீட்டுல நடந்தது.

எங்கப்பாவும் அவரோட வேலை பாத்த நண்பர் ஒருத்தரும் சேந்து ஒரு லேத் பட்டறை வெச்சிருந்தாங்க. பார்ட்னர்ஷிப் டீட், அதாவது ஒப்பந்தப் பத்திரம் எழுதி முறையாத்தான் ஆரம்பிச்சாங்க, ஆளுக்குப் பாதி. ஆறு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் அப்பாவுக்கு முதுகு வலி, நின்னு வேலை பாக்க முடியல, "நான் விலகிக்கறேன்டா, நீ நடத்து"ன்னு சொல்லிட்டு அவர் பங்குக் காச வாங்கிட்டு வந்துட்டார். அவங்களுக்குள்ள ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கிட்டாங்க. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் மத்தியானம், அம்மா சாப்பாடு போட்டுட்டு இருக்கும்போது ரிஜிஸ்டர் தபால் வருது. அப்பா கைகூட கழுவாம இடது கையால ஏ.டி. கார்டுல கையெழுத்துப் போட்டு வாங்கினார். வக்கீல் நோட்டீஸ். நாலே கால் லட்சம் ரூபா பாக்கி, இரும்பு சப்ளை பண்ணின கடைக்காரர் அனுப்பினது. அப்பா விலகினதுக்கு அப்புறம் எடுத்த சரக்கு அது, ஒரு ராடு கூட அப்பா கையால தொடல. ஆனா அந்தக் கடையில மொத மொத கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்ததே எங்கப்பாதான், கடைக்காரருக்குத் தெரிஞ்ச முகம் அப்பா முகம்தான்.

அப்பா நேரா நண்பர் வீட்டுக்குப் போனார், அங்க ஏற்கனவே நாலு பேர் காசு கேட்டு உக்காந்திருந்தாங்க. திரும்பி வந்து அந்த வெள்ளைப் பேப்பர பீரோவுலருந்து எடுத்துட்டு வக்கீல்கிட்ட போனாரு. அது உங்க ரெண்டு பேருக்கு நடுவுலதாங்க செல்லும், கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும்னு வக்கீல் கேட்டார். அன்னைக்கு அப்பா மூஞ்சி போன போக்கு எனக்கு இன்னும் மறக்கல. நான் கணக்குப் படிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1932ல வந்த இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம்தான் இன்னைக்கும் இதுக்கு அடிப்படை. அதுல 25ஆவது பிரிவுப்படி, ஒருத்தர் பார்ட்னரா இருக்கிற காலத்துல ஃபர்ம், அதாவது அந்தப் பார்ட்னர்ஷிப் தொழில் வாங்குற கடனுக்கு எல்லாரும் சேந்தும் பொறுப்பு, ஒவ்வொருத்தரும் தனித்தனியாவும் பொறுப்பு. என் பங்கு பாதிதான், பாதிக் கடனைத்தான் கட்டுவேன்னு வெளியாளுகிட்ட சொல்ல முடியாது, கடன்காரர் யாருகிட்ட காசு இருக்குன்னு பாத்து அவர்கிட்டயே முழுசையும் கேக்கலாம். அப்படி கட்டினவர் அப்புறமா இன்னொரு பார்ட்னர்கிட்ட அவரோட பங்க வசூல் பண்ணிக்கணும், அவர்கிட்ட இருந்தா. 32ஆவது பிரிவு இன்னும் முக்கியம். விலகின பார்ட்னர், தான் விலகிட்டதா பொது அறிவிப்பு குடுக்கிற வரைக்கும், அவர் இன்னும் பார்ட்னர்னு நம்பி சரக்கு குடுத்தவங்களுக்குப் பொறுப்பாத்தான் இருக்கார். பொது அறிவிப்புன்னா பதிவு பண்ணின ஃபர்மா இருந்தா ரிஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸுக்குத் தெரியப்படுத்தணும், அரசிதழ்ல வரணும், அந்த மாவட்டத்துல ஓடுற ஒரு உள்ளூர் மொழிப் பத்திரிகையிலயும் வரணும். நம்ம ஊர்ல பதிவுத்துறையோட மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்லதான் இந்த ஃபர்ம் பதிவு வேலையெல்லாம் நடக்கும். எங்கப்பாவுக்கு அன்னைக்கு அந்தப் பத்திரிகை விளம்பரத்துக்கும் பீஸுக்கும் சில ஆயிரம்தான் ஆகியிருக்கும். கடைசில பேசி முடிச்சு ரெண்டு லட்சத்தச் சொச்சம், 14 மாசத் தவணையில கட்டினார்.

அதனாலதான் சொல்றேன், ரெண்டு பேர் சேந்து தொழில் ஆரம்பிக்கும்போது எப்படிச் சேர்றதுன்னு பேசற மாதிரியே எப்படிப் பிரியறதுன்னும் அன்னைக்கே பேசி எழுதிக்கணும். நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது என்ன இப்படிப் பேச்சுன்னு பெரியவங்க கோவிச்சுக்குவாங்க, பரவால்ல. டீட்ல எதுவும் எழுதலைன்னா சட்டமே ஒரு முடிவு வெச்சிருக்கு: லாப நஷ்டம் சரிசமம், ஒரு பார்ட்னர் இறந்தா ஃபர்ம் கலைஞ்சு போயிரும். நீங்க 80 சதவீதம் காசு போட்டிருக்கீங்க, அவர் 20 போட்டிருக்கார், எழுதி வைக்கலைன்னா லாபத்துல ஆளுக்குப் பாதிதான். இன்னொண்ணு, ஃபர்ம பதிவு பண்றது கட்டாயம் இல்லைன்னு சொல்லி நிறையப் பேர் அப்படியே விட்டுடறாங்க. பதிவு இல்லாத ஃபர்ம், ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய காசுக்காக வெளியாள் மேல கேஸ் போட முடியாது, 69ஆவது பிரிவு தடுக்குது. ஆனா வெளியாள் உங்க மேல தாராளமாப் போடலாம்.

இப்ப 'சி'. கம்பெனி. இங்கதான் விஷயம் தலைகீழா மாறுது, இதப் புரிஞ்சுக்க லண்டன் வரைக்கும் போயிட்டு வரணும்.

வைட்சேப்பல்னு ஒரு இடம், அங்க ஆரோன் சாலமன்னு ஒருத்தர் தோல் பூட்ஸ் செஞ்சு வித்துட்டு இருந்தார், நல்ல வியாபாரம். 1892ல அத ஒரு லிமிடெட் கம்பெனியா மாத்தினார். அன்னைக்குச் சட்டப்படி ஏழு பேர் வேணும், அதனால அவரு, மனைவி, மகள், நாலு மகன்கள், மொத்தம் ஏழு. குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு பங்கு, மிச்சம் 20,001 பங்கும் அவர் பேர்ல. அது போக கம்பெனி அவருக்கு 10,000 பவுண்டு கடன் பாக்கின்னு சொத்து அடமானத்தோட பத்திரமும் எழுதி வாங்கிக்கிட்டார். கொஞ்ச நாள்லயே வேலை நிறுத்தம், ஆர்டர் குறைவுன்னு கம்பெனி படுத்துருச்சு. மத்த கடன்காரங்களுக்குக் குடுக்க ஒண்ணும் மிஞ்சல. கம்பெனியாவது ஒண்ணாவது, இது அந்தாளேதான், அவரே கட்டட்டும்னு வழக்கு. கீழ் கோர்ட்டும் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் அதையே ஒத்துக்கிட்டாங்க. ஆனா 1896ல, அன்னைக்கு அங்க உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை அத மாத்தித் தீர்ப்பு சொல்லுச்சு: முறையாப் பதிவு பண்ணிட்டா கம்பெனி வேற, அதோட பங்குதாரர் வேற, 20,001 பங்கு ஒரே ஆள் கையில இருந்தாலும் வேறதான். உலகத்துல பல நாட்டுக் கம்பெனிச் சட்டம் இன்னைக்கும் இந்தத் தீர்ப்பு மேலதான் நிக்குது, நம்மளதும் அப்படித்தான்.

இதோட அர்த்தம் என்னன்னா, கம்பெனிக்குன்னு தனி உயிர் இருக்கு. அது சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், கேஸ் போடலாம், ஓனர் இறந்தாலும் அது இருக்கும். நீங்க பங்குக்குப் போட்ட காசு போச்சுன்னா போச்சு, அதுக்கு மேல உங்க வீட்டுக்கு வர முடியாது. லிமிடெட்ங்கற வார்த்தை அததான் சொல்லுது, அளவோட பொறுப்பு. 2013 கம்பெனிச் சட்டப்படி ப்ரைவேட் லிமிடெட்டுக்கு ரெண்டு பேர் போதும், ஒரே ஆள்னா ஒன் பர்சன் கம்பெனின்னு ஒரு வழி இருக்கு. ஒரு லட்சம் முதல் காட்டணும்ங்கற விதியக்கூட 2015லயே எடுத்துட்டாங்க.

அப்ப எல்லாரும் ப்ரைவேட் லிமிடெட் போட்டுரலாமேன்னு தம்பி கேட்டான். அங்கதான் நிறுத்தினேன்.

கம்பெனிக்கும் ஓனருக்கும் நடுவுல இருக்கிற இந்தச் சுவர் சும்மா நிக்காது, வருஷா வருஷம் அதுக்குக் கூலி குடுக்கணும். கம்பெனில ஒரு ரூபா வியாபாரம் ஆகலைன்னாலும் ஆடிட் கட்டாயம். வருஷக் கணக்கும் ரிட்டர்னும் தாக்கல் பண்ணணும், லேட் ஆனா ஒரு நாளைக்கு ஒரு ஃபார்முக்கு 100 ரூபா அபராதம் ஓடிட்டே இருக்கும். தொடர்ந்து மூணு வருஷம் பண்ணலைன்னா டைரக்டர் பதவிக்கே தகுதி போயிரும், அதுவும் அஞ்சு வருஷத்துக்கு. 2017ல மத்திய அரசு ரெண்டு லட்சத்துக்கும் மேல கம்பெனிகளப் பதிவேட்டுலருந்து அடிச்சுச்சு. கம்பெனி வெச்சிருந்தா கௌரவமா இருக்குமேன்னு பதிவு பண்ணிட்டு அப்படியே மறந்தவங்களும் இதுல மாட்டி, எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேரு வேற நல்ல கம்பெனில டைரக்டரா இருந்த இடத்தையும் இழந்தாங்க.

அதுக்கும் மேல, அந்தச் சுவர்ல நாமளே ஓட்டை போடுவோம். எப்படின்னா, கம்பெனிக்கு லோன் கேட்டு பேங்குக்குப் போறீங்க, புதுக் கம்பெனி, அது பேர்ல ஒண்ணும் இல்ல. மேனேஜர் ஒரு கத்தைப் பேப்பர நீட்டுவார், டிக் போட்ட இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போடுங்க சார்ம்பார். அதுக்குள்ள பர்சனல் கேரண்டி ஒண்ணு இருக்கும். அதுல கையெழுத்துப் போட்ட நிமிஷமே அந்தக் கடனப் பொறுத்தவரைக்கும் நீங்க திரும்ப 'பி' ஆயிட்டீங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவுப்படி கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. கம்பெனி திவால் நடவடிக்கைக்குள்ள போனாக்கூட கேரண்டி குடுத்தவர் மேல தனியா நடவடிக்கை எடுக்கலாம்னு 2021 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாச் சொல்லிருச்சு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் எவ்வளவு பெரிய லிமிடெட் கம்பெனி, அதுக்கு விஜய் மல்லையா குடுத்த பர்சனல் கேரண்டிய வெச்சுத்தான் பேங்குகள் அவர லண்டன் கோர்ட் வரைக்கும் துரத்தி, 2021 ஜூலையில திவாலானவர்னு அறிவிக்க வெச்சாங்க.

சிஜிடிஎம்எஸ்இன்னு சிறுதொழில் கடனுக்கு அரசாங்கம் கேரண்டி குடுக்கிற திட்டத்துல சொத்து அடமானம் இல்லாம லோன் கிடைக்கும், அது நல்ல திட்டம், 2000லருந்து இருக்கு. ஆனா ரொம்பப் பேர் கவர்மென்ட் கேரண்டி, நாம கட்டலைன்னா அரசாங்கம் கட்டிரும்னு நினைச்சுக்கறாங்க. அது பேங்குக்குக் குடுக்கிற பாதுகாப்புங்க, உங்களுக்கு இல்ல, உங்க கடன் அப்படியே உங்க தலையிலதான் இருக்கும். அப்புறம் செக். கம்பெனி செக் பவுன்ஸ் ஆனா கையெழுத்துப் போட்ட டைரக்டர் மேல கிரிமினல் கேஸ் வரலாம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கிற விஷயம் அது.

பார்ட்னர்ஷிப்புக்கும் கம்பெனிக்கும் நடுவுல எல்எல்பின்னு (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்) ஒண்ணு இருக்கு, 2008 சட்டம். பார்ட்னர்ஷிப் மாதிரி நெகிழ்வு, கம்பெனி மாதிரி பொறுப்புக்கு எல்லை. வருஷ விற்பனை 40 லட்சமும் முதலீடு 25 லட்சமும் தாண்டாத வரைக்கும் ஆடிட் கட்டாயம் இல்ல. எங்கப்பா காலத்துல இது இருந்திருந்தா அந்த நாலே கால் லட்சம் எங்க வீட்டுக்குள்ள வந்திருக்காது.

சரி, கடன் ஏன் ஏறுது? என் அனுபவத்துல பட்டறைங்க ஆர்டர் இல்லாம சாகறத விட, ஆர்டர் இருந்து காசு வராம சாகறதுதான் அதிகம். ஒரு கணக்கு பாருங்க. ஜூன்ல ஒரு பார்ட்டிக்கு 5 லட்சத்துக்கு சரக்கு அனுப்பறீங்க, 18 சதவீதம் ஜிஎஸ்டி, பில் 5,90,000. அதுக்காக 3 லட்சத்துக்கு மெட்டீரியல் வாங்கினீங்க, அதுல கட்டின ஜிஎஸ்டி 54,000 கழிஞ்சு போகும். மாசாமாசம் ரிட்டர்ன் போடறவரா இருந்தா ஜூலை 20க்குள்ள மிச்சம் 36,000 உங்க கையிலருந்து கட்டியாகணும். பார்ட்டி காசு குடுத்தாரா இல்லையான்னு அரசாங்கம் கேக்காது, பில் போட்டாச்சுன்னா கட்டணும். ஒண்ணாந்தேதி சம்பளம், கரண்ட் பில், மெஷின் இஎம்ஐ. பார்ட்டி காசு அக்டோபர்ல வருது. புக்ல லாபம்தான், ஆனா ஜூலைலருந்து அக்டோபர் வரைக்கும் நீங்க கந்துவட்டிக்காரர்கிட்ட நிக்கறீங்க. அந்த வட்டி லாபத்தத் தின்னுட்டுப் போயிரும்.

இதுக்கும் சட்டம் இருக்கு, யாரும் எடுத்துச் சொல்றதில்ல. 2006 எம்எஸ்எம்இ சட்டத்துல (குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம்), மைக்ரோன்னோ ஸ்மால்னோ உத்யம்ல பதிஞ்ச ஒருத்தர்கிட்ட சரக்கு வாங்கினா, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாள், அதுக்குள்ள காசு குடுக்கணும். தாண்டினா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. அதுக்குன்னு இருக்கிற அரசாங்கப் போர்ட்டல்ல மனு போடலாம். 2024 ஏப்ரல்லருந்து வருமான வரில 43பி(எச்)னு ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்துச்சு, அந்தக் கெடுவுக்குள்ள குடுக்காம வருஷக் கடைசிலயும் பாக்கி வெச்சா வாங்கினவர் அத அந்த வருஷச் செலவாக் காட்ட முடியாது, அவருக்கு வரி ஏறும். அதுக்கப்புறம் மார்ச் மாசத்துல எங்க க்ளையண்ட்ஸுக்கு பேமெண்ட் வர்ற வேகமே மாறிருச்சு, கண்ணால பாத்தேன். ஆனா பெரிய பார்ட்டி மேல மனு போட்டா அடுத்த ஆர்டர் வராதுன்னு பயம் இருக்கே, அது நியாயமான பயம், அதுக்கு எந்தச் சட்டமும் மருந்து வெச்சிருக்கல. நான் சொல்றது, குறைஞ்சபட்சம் பில்லுல உத்யம் நம்பர அச்சடிங்க, பர்சேஸ் ஆர்டர்ல 45 நாள்னு எழுதி வாங்குங்க, ஒரே பார்ட்டிய நம்பி முழு மெஷினையும் ஓட்டாதீங்க.

தம்பிகிட்ட கடைசில கேட்டேன், பார்ட்னர் யாராவது இருக்காங்களான்னு. இப்போதைக்கு இல்லண்ணா, ஒரே மெஷின்தான், ரெண்டு பார்ட்டி ஜாப் ஆர்டர் தர்றேன்னு சொல்லியிருக்காங்கன்னான். அப்ப ப்ரொப்ரைட்டர்ஷிப்பே போதும்னேன். ஆனா மூணு விஷயம் கேட்டுக்கிட்டேன். வீட்டுக்கு ஒரு அக்கவுண்ட், பட்டறைக்கு ஒரு அக்கவுண்ட், ரெண்டும் கலக்கவே கூடாது. சித்தி பேர்ல இருக்கிற வீட்டுக்கும் சித்திக்கும் ஜாமீன்னு எந்தப் பேப்பர் வந்தாலும் எனக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்பாம கையெழுத்து வாங்கக் கூடாது. கூட வேலை பாக்கிற பையன் பின்னாடி பார்ட்னரா வர்றேன்னு சொன்னா, அன்னைக்கே எல்எல்பியா மாத்திரணும், வெள்ளைப் பேப்பர் வேலை வேண்டாம். சரிண்ணான்னான். நேத்து ஜிஎஸ்டி நம்பர் வந்துருச்சு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான், கீழ "ஆறாவது எழுத்து பி தாண்ணா"ன்னு எழுதியிருந்தான்.